ஒலிம்பியாட் பொடிப் பெட்டி: வாங்கலாமா?

சயின்ஸ் ஒலிம்பியாட் என்ற அமெரிக்கப் பள்ளி அறிவியல் போட்டிக்குப் பயிற்சி எடுக்க விற்கும் பொடிப் பெட்டி இது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். சயின்ஸ் ஒலிம்பியாடில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நம்மவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். அவர்களில் பலர் வேதியியல் பக்கம் போகாதவர்கள். பெட்டியின் மேல் "போட்டிக்கு முழுத் தயாரிப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து, சரி, இதை வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். இப்போது நியூ ஜெர்சியில், மகள் படிக்கும் நடுநிலைப் பள்ளி அணிக்கு, பொடியைச் சோதிக்கும் ஒரு நிகழ்வுக்கு மட்டும் பெற்றோர் பயிற்சியாளராக இருக்கிறேன். பள்ளி நேரம் முடிந்த பிறகு சோதனைக்கூடத்தில் சில நாள், எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் சில நாள் பயிற்சி.

பெட்டியைப் பற்றிச் சொல்லும் முன் போட்டியைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் குறை எதுவும் விளங்காது. சயின்ஸ் ஒலிம்பியாட் 1984-ல் தொடங்கியது. முதல் தேசியப் போட்டி 1985-ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஓர் அணிக்கு 15 பிள்ளைகள், மொத்தம் 23 நிகழ்வுகள். நடுநிலைப் பள்ளிப் பிரிவில் பொடிகளைச் சோதிக்கும் நிகழ்வுகள் இரண்டு உண்டு. எந்த வருடம் எது வரும் என்பது அந்தந்த வருட விதிப் புத்தகத்தைப் பொறுத்தது. ஒன்று 'கிரைம் பஸ்டர்ஸ்'. ஒரு குற்றக் கதை, சந்தேகப்படும் ஆட்கள், தடயமாகக் கிடைத்த பொடிகள், திரவங்கள், பிளாஸ்டிக், நார், கைரேகை. அங்கே பொடியின் பெயரைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். இன்னொன்று 'கேன்ட் ஜட்ஜ் எ பவுடர்'. இதில் கலப்படம் இல்லாத ஒரே ஒரு பொடியைக் கொடுப்பார்கள். பிள்ளைகள் அதைச் சோதித்து, பார்த்ததையெல்லாம் எழுத வேண்டும். அப்புறம் அந்தப் பொடியைப் பற்றிக் கேள்விகள் வரும். தாங்கள் சேர்த்த தரவை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். பொடியின் பெயரைக் கண்டுபிடிப்பது நோக்கமே இல்லை.

என் மகளும் அவள் கூட்டாளிப் பையனும் இரண்டாவதில் இருக்கிறார்கள். கடைக்காரர் இந்தப் பெட்டியை இரண்டு நிகழ்வுகளுக்கும் சேர்த்து விற்கிறார். என் முக்கியமான குறை இங்கேதான். பெட்டி சொல்லிக் கொடுப்பது பெயர். எங்கள் நிகழ்வு கேட்பது கண்ணால் பார்த்ததை எழுதுவது. இரண்டும் ஒரே பயிற்சி இல்லை.

சரி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது? சின்னச் சின்ன டப்பாக்களில் வெள்ளைப் பொடிகள்: சமையல் சோடா, சலவை சோடா, உப்பு, சர்க்கரை, கார்ன் ஸ்டார்ச், கால்சியம் கார்பனேட், ஜிப்சம், வைட்டமின் சி, போரிக் ஆசிட் (ஊரில் கேரம் போர்டில் தூவுவோமே, அதுதான்), அம்மோனியம் குளோரைடு, இன்னும் சில. இரண்டு வெல் பிளேட் (சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு), ஒரு கட்டு டிராப்பர், பி.எச். தாள் (அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டுவது), கைலென்ஸ், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு மின்கடத்துச் சோதனைக் கருவி, ஐயோடின் கரைசல் ஒரு குப்பி, 1 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு குப்பி, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு, ஒரு கையேடு. விலை வரியோடு சேர்த்து 70 டாலரை நெருங்கியது.

நல்லதை முதலில் சொல்கிறேன். கருவிகள் தரமானவை. வெல் பிளேட்டின் குழிகள் ஆழமாக இருக்கின்றன. அமிலம் விட்டு நுரை பொங்கினாலும் பக்கத்துக் குழிக்கு வழியவில்லை. டிராப்பர்கள் சொட்டுச் சொட்டாக ஒரே அளவில் விடுகின்றன. "எத்தனை சொட்டு" என்று எழுத வேண்டிய பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். அமிலக் குப்பியின் மூடி இறுக்கமானது, கவிழ்த்துப் பார்த்தும் கசியவில்லை. ஐயோடினும் நல்ல அடர்பழுப்பு நிறக் கரைசல். மருந்துக் கடையில் நிறமற்ற ஐயோடின் என்று ஒன்று விற்கிறார்கள், தோலில் கறை படியாது என்பதற்காக. அதை வாங்கிவிடாதீர்கள். ஐயோடின் பட்டால் ஸ்டார்ச் நீலமாகும், இதை விட்டால் நீலமே வராது. நிறத்தைக் கொடுப்பது ஐயோடின்தான், அந்தக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் நிறமில்லாத ஐயோடைடு.

மின்கடத்துக் கருவி எனக்கு ரொம்பப் பிடித்தது. உப்புக் கரைசலில் வைத்தால் விளக்கு பளிச்சென்று எரியும், சர்க்கரைக் கரைசலில் எரியாது. வைட்டமின் சி கரைசலில் மங்கலாக எரியும். பிள்ளைகளுக்கு இந்த மூன்று நிலையும் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. ஆனால் கையேடு "தண்ணீரில் கரைக்கவும்" என்று மட்டும் சொல்கிறது. எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் எதையும் போடாமல் வைத்தாலே விளக்கு லேசாக மினுங்கியது. குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுக்களே மின்சாரத்தைக் கடத்தும். மளிகைக் கடையில் ஒரு கேலன் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் நடுவே கம்பி முனைகளை அதிலேயே அலசச் சொல்லுங்கள்.

இனி பொடிகள். இங்கேதான் ஒரு நட்சத்திரம் போனது.

'சர்க்கரை' என்று ஒட்டியிருந்த டப்பாவில் இருந்தது கேக் மேல் தூவும் பொடிச் சர்க்கரை. அமெரிக்காவில் விற்கும் பொடிச் சர்க்கரையில் கட்டி தட்டாமல் இருக்கக் கொஞ்சம் கார்ன் ஸ்டார்ச் கலப்பது வழக்கம். எனவே ஐயோடின் விட்டதும் நீலக்கருப்பு நிறம் வந்தது. கையேட்டில் சர்க்கரைக்கு எதிரே "ஐயோடினுடன் மாற்றம் இல்லை" என்று அச்சிட்டிருக்கிறது. என் மகள் கையேட்டைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எதை எழுதட்டும்மா?" என்றாள். கண்ணால் பார்த்ததை எழுது என்றேன். வேதியியல் தெரியாத வீட்டில் இந்த இடத்தில் என்ன நடக்கும்? அச்சில் இருப்பதுதான் சரி, நம் கைதான் எங்கோ தப்பு பண்ணிவிட்டது என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். அச்சடித்த வரியை நம்பித் தன் கண்ணைச் சந்தேகப்படும். இந்தப் போட்டிக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் வேறு இல்லை.

அடுத்தது ஜிப்சம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டோடு இரண்டு மூலக்கூறு தண்ணீர் சேர்ந்தது. அதைச் சூடாக்கி முக்கால்வாசித் தண்ணீரை விரட்டினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பார்க்க இரண்டும் ஒன்றுபோல் வெள்ளை மாவுதான். தண்ணீர் பட்டால் தெரிந்துவிடும். ஜிப்சம் சும்மா குழம்பி அடியில் தங்கும், பிளாஸ்டர் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொண்டு இறுகும். எங்கள் டப்பாவில் இருந்ததை ஒரு குழியில் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கினார்கள். "கரையவில்லை, பால் போல் கலங்கியது" என்று பையன் எழுதினான். மற்றக் குழிகளை முடித்துவிட்டுத் திரும்பி வந்த மகள் பல்குச்சியால் குத்திப் பார்த்து, "அம்மா, கல்லாயிடுச்சு!" என்று கத்தினாள். குச்சி உள்ளே இறங்கவில்லை. மிச்சப் பொடியை ஒரு காகிதக் கப்பில் கொட்டி, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, பிள்ளைகளைக் கப்பைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னேன். இறுக இறுகக் கைக்குச் சூடு தெரிந்தது. சந்தேகமே இல்லை, பிளாஸ்டர்தான்.

கடைக்காரருக்கு எழுதினேன். வாதாடாமல் வேறு டப்பா அனுப்பினார்கள், அதில் இருந்தது சரியான ஜிப்சம். இதை அவர்கள் கணக்கில் நல்லதாகவே எழுதுகிறேன். ஆனாலும் முதல் தடவையே சரிபார்த்திருக்க வேண்டிய பொருள் இது. ஒரு கரண்டிப் பொடியும் கொஞ்சம் தண்ணீரும் போதும் சரிபார்க்க.

கையேடு? கையேட்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். முதல் பக்கத்திலேயே ஒரு கிளைப்படம்: "அமிலம் விடு; பொங்கினால் இடப்பக்கம் போ, பொங்காவிட்டால் வலப்பக்கம் போ." பெயருக்குக் குறுக்குவழி அது. கிரைம் பஸ்டர்ஸுக்கு ஓரளவு சரி, அதிலும் நான் அந்த வரிசையில் போகமாட்டேன். எங்கள் நிகழ்வுக்கு அது நேர் எதிர். அமிலம் விட்ட இரண்டாம் நொடியில் "பேக்கிங் சோடா!" என்று மனசுக்குள் முடிவாகிவிட்டால், அதற்குப் பிறகு குழந்தை எதையும் பார்ப்பதில்லை. மணிகளின் வடிவத்தைப் பார்த்திருக்காது, பி.எச். தாளை நனைத்திருக்காது, ஐயோடினைத் தொட்டிருக்காது. அப்புறம் "இந்தப் பொடியில் ஸ்டார்ச் உண்டா? எந்தத் தரவை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேள்வி வரும்போது, தெரிந்தும் பதில் எழுத முடியாது. ஏனென்றால் "ஐயோடின் 2 சொட்டு, பழுப்பாகவே இருந்தது, நீலம் வரவில்லை" என்ற வரி அவர்கள் தாளில் இல்லை.

நடக்காததையும் எழுத வேண்டும் என்பதைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. கல்லூரியில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு இது தெரியும். "வீழ்படிவு இல்லை" என்பதும் ரெக்கார்டு நோட்டில் ஒரு வரி, அதற்கும் கையெழுத்து உண்டு.

நாங்கள் செய்தது இதுதான். டப்பாக்களின் லேபிளைக் கிழித்துவிட்டு, அடியில் எண் மட்டும் எழுதினேன். எந்த எண் எந்தப் பொடி என்ற தாள் என்னிடம் மட்டும். பொடியின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று விதி. முதலில் வெறும் பார்வை, கறுப்புத் தாள் மேல் கொஞ்சம், வெள்ளைத் தாள் மேல் கொஞ்சம். லென்ஸில் மணிகள் எப்படி இருக்கின்றன? மினுக்கம் உண்டா? கரண்டியைச் சாய்த்தால் வழுக்கிக் கொட்டுகிறதா, கட்டியாக விழுகிறதா? நேராக மூக்கை வைக்காமல் கையால் விசிறி வாசம் பார்ப்பது. வாயில் வைப்பது கிடையவே கிடையாது, அது சர்க்கரையாக இருந்தாலும். அப்புறம் தண்ணீர், கலக்கும்போது குழி குளிர்கிறதா என்று கவனிப்பது (அம்மோனியம் குளோரைடு நன்றாகவே குளிரும்), பி.எச். தாள், மின்கடத்தல், தனிக் குழியில் ஐயோடின், இன்னொரு தனிக் குழியில் அமிலம். அமிலம் கடைசியில். கூடவே ஒரு வெறும் குழியில் தண்ணீரும் ஐயோடினும் மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க.

முதல் வாரம் அவர்கள் எழுதியது: "வெள்ளைப் பொடி. கரைந்தது. நுரை வந்தது." அவ்வளவுதான். எவ்வளவு பொடி, எத்தனை சொட்டு, எவ்வளவு நேரம் கலக்கினீர்கள், நுரை சட்டென்று வந்து அடங்கியதா, விடாமல் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பையன் சோதனை செய்ய, மகள் எழுத, பிறகு மாற்றிக்கொள்ள என்று பழகிய பிறகு தாள் நிரம்ப ஆரம்பித்தது. சமையல் சோடாவும் கால்சியம் கார்பனேட்டும் அமிலத்தில் இரண்டும் பொங்கும். ஆனால் முதலாவது தண்ணீரில் கரையும், இரண்டாவது கரையாமல் அடியில் படியும். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்த்து அவர்களே சொன்னார்கள்.

இந்தப் பெட்டி கொடுத்த நல்ல மாலைப்பொழுது என்றால் அது வைட்டமின் சி. ஐயோடின் ஒரு சொட்டு விட்டான் பையன். பழுப்பு நிறம் விழுந்த இடத்திலேயே காணாமல் போனது. இன்னொரு சொட்டு, அதுவும் போனது. இரண்டு பேரும் குழியின் மேல் குனிந்துவிட்டார்கள். "எங்கே போகுது?" என்று கேட்டான். வைட்டமின் சி ஐயோடினை நிறமற்ற ஐயோடைடாக மாற்றிவிடுகிறது என்பதைப் பிறகு சொன்னேன், அப்போது சொல்லவில்லை. எத்தனை சொட்டுக்குப் பிறகு பழுப்பு தங்குகிறது என்று எண்ணி எழுதச் சொன்னேன். அடுத்த நாள் வேண்டுமென்றே கொஞ்சம் கார்ன் ஸ்டார்ச் கலந்து வைத்தேன். சொட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வந்து, வைட்டமின் சி தீர்ந்ததும் ஒரே சொட்டில் குழி முழுக்க நீலமானது. கல்லூரியில் பியூரெட் என்ற அளவுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்த அதே முடிவுநிலை. மகள் எழுதிய வரி: "7 சொட்டு வரை நிறம் மறைந்தது. 8-வது சொட்டில் கருநீலம், 1 நிமிடம் ஆகியும் மாறவில்லை." இப்படி ஒரு வரி தாளில் இருந்தால் எந்தக் கேள்வியையும் சமாளிக்கலாம்.

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கை. சலவை சோடாக் கரைசலிலும் ஐயோடினின் பழுப்பு மங்கிப் போகும். அது கரைசலின் காரத்தன்மையால், காரணமே வேறு. பி.எச். தாளையும் பார்த்திருந்தால் குழப்பம் வராது. வைட்டமின் சி அமிலப் பக்கம், சலவை சோடா பி.எச். 11-ஐ ஒட்டிய காரப் பக்கம். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொரு நட்சத்திரம் போனது பாதுகாப்புக் கண்ணாடிக்காக, இதில் எனக்கு உண்மையாகவே கோபம். பெட்டியில் வந்தவை பக்கவாட்டில் நேர்த் துளைகள் போட்டவை. மர வேலைக்கு, தூசிக்குச் சரி. அமிலம் தெறித்தால் அந்தத் துளை வழியாக நேராகக் கண்ணுக்குப் போகும். வேதிப்பொருள் கையாளும் நிகழ்வுகளுக்குப் போட்டி விதி கேட்பது தெறிப்பைத் தடுக்கும் மறைமுகக் காற்றுவழி உள்ள கண்ணாடி. அது இல்லாவிட்டால் பிள்ளையைச் சோதனை செய்யவே விடமாட்டார்கள். ஒலிம்பியாட் பெயரைப் போட்டு விற்கும் பெட்டியில் விதிக்கு ஒவ்வாத கண்ணாடியை வைப்பது எந்த வகையிலும் நியாயம் இல்லை. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் கண் இது. முதல் நாளே அவற்றை எடுத்து என் கணவரின் மரவேலைப் பெட்டியில் போட்டுவிட்டு, சரியானதைத் தனியாக வாங்கினேன்.

அமிலக் குப்பி சின்னது, சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தால் ஹார்டுவேர் கடையில் நீச்சல் குளத்துக்கு விற்கும் அடர் அமிலத்தை வாங்கி வீட்டில் நீர்க்க வைக்கலாம் என்று கையேடு சொல்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள், 1 மோலார் அமிலம் அவரிடம் இருக்கும் அல்லது பாதுகாப்பாகத் தயாரித்துக் கொடுப்பார். அதுவரை வீட்டில் வெள்ளை வினிகர் போதும். கால்சியம் கார்பனேட் அதில் மெதுவாகத்தான் பொங்கும், பிள்ளைகளிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுத்தம் செய்வதையும் பயிற்சியில் சேருங்கள். மேசையை அப்படியே போட்டுவிட்டு வந்தால் போட்டியில் மதிப்பெண் குறைப்பார்கள். 50 நிமிடத்துக்குள் சோதனை, எழுத்து, பதில், துடைப்பு எல்லாம் முடிய வேண்டும்.

யார் வாங்கலாம்? கிரைம் பஸ்டர்ஸில் இருக்கும் குழந்தை, பக்கத்தில் பள்ளிச் சோதனைக்கூட உதவி இல்லாத வீடு என்றால் வாங்கலாம். கருவிகளுக்காகவே பாதி விலை தகும். ஆனால் பெட்டியில் கலவைப் பொடி எதுவும் வராது, எல்லாம் தனித்தனி. கலவையை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். கேன்ட் ஜட்ஜ் எ பவுடருக்கு என்றால் நான் வாங்கச் சொல்லமாட்டேன். வெல் பிளேட், டிராப்பர், பி.எச். தாள், ஐயோடின், மின்கடத்துக் கருவி இவற்றைத் தனித்தனியாக வாங்குங்கள். பொடிகளுக்கு மளிகைக் கடையும் மருந்துக் கடையும் போதும்: சமையல் சோடா, கார்ன் ஸ்டார்ச், மைதா, சாதாரணச் சர்க்கரை, ஜெலட்டின், கிரீம் ஆஃப் டார்ட்டர், எப்சம் உப்பு. உப்பு வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். மேசை உப்பில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் கரைசல் லேசாகக் கலங்கும், ஊறுகாய்க்கு விற்கும் உப்பில் அந்தக் கலங்கல் வராது. இரண்டையும் வாங்கிப் பெயர் சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் அந்தக் கலங்கலைத் தாங்களாகவே எழுதியிருந்தார்கள்.

வாங்கியே தீருவது என்றால், பெட்டி வந்ததும் ஐயோடினைச் சர்க்கரையிலும், தண்ணீரை ஜிப்சத்திலும் விட்டுப் பாருங்கள். சரியில்லை என்றால் படம் எடுத்து அனுப்புங்கள், மாற்றித் தருகிறார்கள். கண்ணாடியை மட்டும் பெட்டியோடு சேர்த்தே தனியாக ஆர்டர் போட்டுவிடுங்கள். அது கைக்கு வரும் வரை அமிலக் குப்பியைத் திறக்க விடாதீர்கள்.